நம் அருவருப்பு ஃபத்வா ஆகாது



மத்ரஸாவில் நாவைப் பேணுவது குறித்துப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறோம். அந்தப் பாடத்தில் நாமே தவறிய ஒரு நிகழ்வை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நம் மூத்த மகன் சரக்குக் கப்பலில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு அவருடைய கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு துறைமுகத்தில் நின்றபோது தொலைபேசியில் அழைத்தார். அவ்வூர் மக்கள் விரும்பி உண்ணும் 'போக்கே' என்னும் பச்சை மீன் கலவையை உண்டதாகவும், அதன் சுவை மறக்க முடியாதது என்றும் மகிழ்ச்சியோடு சொன்னார். "வேகாத மீனா? மனிதர் உண்ணும் உணவா அது?" என்று கேட்டுவிட்டோம். மறுமுனையில் பேச்சு அடங்கிப் போயிற்று. பிறகு நலம் விசாரித்து, ஸலாம் சொல்லி வைத்துவிட்டார்.

அதே வாரம் மாணவர்களுக்கு உடும்பு பற்றிய ஹதீஸை நடத்த நேர்ந்தது. பெருமானார் (ஸல்) அவர்களுக்கு முன் பொரித்த உடும்பு வைக்கப்பட்டபோது அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று கேட்கப்பட்டதற்கு இல்லை என்றார்கள்; தம் சமூகத்தார் வாழும் பகுதியில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் இப்னு வலீத் (ரலி) அதை உண்டார்கள். பாடம் முடிந்ததும் ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், அப்படியென்றால் நமக்குப் பிடிக்காத உணவை அடுத்தவர் தின்றால் கேலி செய்யக் கூடாதல்லவா?" என்று கேட்டான். "கூடாது" என்று விடை சொல்லும்போது நம் குரல் தாழ்ந்துவிட்டது.

அன்றிரவே மகனை அழைத்து வருத்தம் தெரிவித்தோம். "விடுமுறையில் வரும்போது நானே செய்து தருகிறேன் வாப்பா" என்றார் அவர்.

அதற்குள் அந்த உணவைப் பற்றி ஓரளவு அறிந்துகொண்டோம். ஹவாய் மொழியில் போக்கே என்றால் துண்டு துண்டாக நறுக்குதல் என்று பொருள். ஹவாயின் பூர்வகுடி மக்கள் மீனை நறுக்கி, கடலுப்பும், 'லிமு' என்னும் கடற்பாசியும், குக்குயி மரத்தின் கொட்டையை வறுத்து இடித்த 'இனமோனா'வும் சேர்த்து உண்டார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைக்க 1885 முதல் பெருமளவில் வந்து குடியேறிய ஜப்பானியர் வழியாக சோயா சாஸும் எள் எண்ணெயும் அதில் கலந்தன. இன்று அங்கே பெரிதும் பயன்படுவது 'ஆஹி' எனப்படும் சூரை மீன். அங்குள்ள லிமு வகைகளில் ஒன்றும், நம் இராமநாதபுரக் கரையில் எடுக்கப்படும் கஞ்சிப்பாசியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நோன்பு திறக்க நம் வீடுகளில் கடற்பாசி காய்ச்சுகிறோமே, அதன் உறவினர்தாம் அந்தத் தீவிலும் தட்டில் இருக்கிறார்!

மகன் விடுமுறையில் வந்தார். வந்த மூன்றாம் நாளே கடைத்தெருவில் சூரை வாங்கி வரப் புறப்பட்டார். நாம் தடுத்தோம்.

"கடலின் வேட்டை ஹலால் என்று நீங்கள்தானே ஓதித் தந்தீர்கள் வாப்பா? இப்போது மறுபடியும் தடுக்கிறீர்களே!" என்றார். அந்த 'மறுபடியும்' என்ற சொல் நம்மைத் தைத்தது.

அவர் சொன்னது உண்மையே. அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடலின் வேட்டையை ஆகுமாக்குகிறது. மீனுக்கு அறுப்பு தேவையில்லை. அதை வேக வைத்தே உண்ண வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஹவாயில் பேய்க்கணவாயிலும் போக்கே செய்வார்கள். ஹனஃபி மத்ஹபினர் மீன் அல்லாத கடலுயிர்களைத் தவிர்ப்பார்கள், ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி விரிவானது. சூரையில் அந்தக் கருத்து வேறுபாட்டுக்கும் இடமில்லை. ஆனால் அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் உணவைப் பற்றிப் பேசும்போது 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆகுமானதாக இருந்தால் மட்டும் போதாது, நல்லதாகவும் இருக்க வேண்டும்.

இதை நாம் ஏட்டில் மட்டும் படித்தவரல்லர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நடுப்பகலில் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று பனிக்கட்டி இல்லாத கூடையிலிருந்து சூரை வாங்கி வந்தோம். நன்றாகக் கொதிக்க வைத்து ஆக்கிய குழம்புதான். உண்ட அரை மணி நேரத்தில் பிள்ளைகள் இருவருக்கும் முகம் சிவந்து, உடலெங்கும் தடித்து, நெஞ்சு படபடத்தது. சூரை போன்ற மீன்கள் குளிர் இல்லாமல் கிடந்தால் நுண்ணுயிரிகள் அவற்றில் ஹிஸ்டமைன் என்னும் பொருளை உண்டாக்கும் என்றும், சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது என்றும் மருத்துவர் விளக்கினார். அல்லாஹ்வின் அருளால் அன்றிரவே பிள்ளைகள் நலமடைந்தார்கள். அந்த இருவரில் ஒருவர்தாம் இப்போது மீன் வாங்கப் புறப்பட்ட மகன்.

இதை நினைவூட்டியதும் அவர் அமர்ந்துவிட்டார். "அன்று அருவருத்துப் பேசினோம், அது நம் தவறு. இன்று அஞ்சிப் பேசுகிறோம், இது நம் பொறுப்பு" என்றோம். பிறகு இருவருமாக வழி தேடினோம்.

தூத்துக்குடியில் ஏற்றுமதிக்கு மீன் பதப்படுத்தும் இடத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் உதவினார். பிடித்தது முதல் பனிக்கட்டியில் இருந்து, பின் கடுங்குளிரில் உறைய வைக்கப்பட்ட மஞ்சள் துடுப்புச் சூரையின் முள்ளில்லாத சதை அரைக் கிலோ கிடைத்தது. பச்சையாக உண்ணும் மீனிலுள்ள ஒட்டுண்ணிகள் அழிய, கழிவு 20 பாகை செல்சியஸ் குளிரில் 7 நாள்கள் வைக்க வேண்டும் என்பது ஒரு பொதுவான விதி. வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி பெரும்பாலும் அவ்வளவு குளிர்வதில்லை. மேலும், உறைய வைப்பது எல்லா நுண்ணுயிரிகளையும் கொன்றுவிடாது. ஆகவே தொடக்கத்திலேயே நல்ல மீனாக இருப்பதுதான் முதற் காப்பு.

மீனை இரவு முழுதும் குளிர்பெட்டிக்குள்ளேயே வைத்து இளக விட்டோம். மகன் பிஸ்மில்லாஹ் சொல்லி, கழுவி உலர்த்திய பலகையில் முக்கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கினார். பனிக்கட்டியின் மேல் வைத்த பாத்திரத்தில் மீனோடு ஹலால் சான்று பெற்ற சோயா சாஸ் மூன்று தேக்கரண்டி, நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், ஒரு பச்சை மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்தார். அங்கே பயன்படுவது வறுத்த எள்ளின் எண்ணெய்; அந்த மணத்துக்காக நாம் எள்ளை வறுத்துத் தூவினோம். குக்குயிக் கொட்டைக்குப் பதிலாக வறுத்த முந்திரியை இடித்துப் போட்டோம். சில செய்முறைகளில் 'மிரின்' என்னும் அரிசி மதுவைச் சேர்க்கிறார்கள். அதை அறவே விலக்கினோம். பூர்வகுடி மக்களின் பழைய முறைக்கும் அது தேவைப்பட்டதில்லை.

அடுத்த சிக்கல் நம் மகளால் வந்தது. ஆறு மாதக் கர்ப்பிணியான அவர், "எனக்கும் ஒரு வாய் தாருங்கள் வாப்பா" என்று ஆசையோடு கேட்டார். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முதியவர்களும் பச்சை மீனைத் தவிர்க்க வேண்டும். மகன் யோசித்து, ஒரு பங்கு மீனைத் தனியே எடுத்துத் தோசைக்கல்லில் நன்றாக வேக வைத்து, அதே சேர்மானங்களைக் கலந்து அவருக்கும் நம் தாயாருக்கும் கொடுத்தார். சூடான சோற்றின் மேல் வைத்து அனைவரும் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்வது நம் வழக்கம். அன்று மட்டும் இரண்டு ஸஹன்கள்.

நம் தாயார் தம் பங்கை உண்டுவிட்டு மறு ஸஹனை எட்டிப் பார்த்தார்கள். "இந்தச் சூரையைத்தானே அவித்து, புகை போட்டு, காய வைத்து மாசி என்கிறோம். அவர்கள் ஊரில் அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்" என்றார்கள். நாம் நூல்களைப் புரட்டி அறிந்ததை அவர்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள்.

நாம் ஒரு துண்டை எடுத்து வாயில் இட்டோம். உண்மையைச் சொல்வதானால், நம் மனம் முழுமையாக ஒப்பவில்லை. இரண்டாம் துண்டோடு நிறுத்திக்கொண்டோம். மகன் நம் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லை வாப்பா, உடும்பு ஹதீஸ்தானே!" என்றார். நாமும் சிரித்தோம். மீதியை மறுவேளைக்கு வைக்காமல் அவரும் தம்பியுமாக உண்டு முடித்தார்கள்.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் பல சமூகத்தாரின் உணவை உண்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தோடு வந்து சொல்லும்போது, முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அடுத்து அது உடலுக்கு நல்லதா என்று பாருங்கள். நம் நாவின் விருப்பு வெறுப்பு மூன்றாம் இடத்தில் இருக்கட்டும். இந்த வரிசை மாறினால், அடுத்த துறைமுகத்தில் பிள்ளை என்ன உண்டார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

ஹலாலான, தூய்மையான உணவையும், நாவைப் பேணும் நற்குணத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.