அடி தள்ளுது

எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மாவின் துணிகளுக்கென்று தனியாக ஒரு கொடி உண்டு. பழைய நூல் சேலையை நீளவாக்கில் கிழித்து, மடித்துத் தைத்த துணிகள் அதில் காயும். சின்ன வயதில் அவற்றை மாதவிலக்குத் துணி என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று நான்கைந்து வருடம் ஆன பிறகும் அந்தத் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

அப்போது நான் நடவுப் பாடல்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு பக்கத்து ஊர்களில் வரப்பு வரப்பாக நடந்தேன். குனிந்து நட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் நடுநடுவே நிமிர்வார்கள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கை அடிவயிற்றில். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு மறுபடியும் குனிவார்கள். அதை நான் பாட்டில் விழும் இடைவெளி என்று குறித்துக்கொண்டேன். மூச்சு வாங்கும் இடம், அடியெடுப்பு மாறும் இடம் என்று ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தக் கை ஏன் அடிவயிற்றுக்குப் போகிறது என்று யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது அடிக்கடி காய்ச்சல் வந்தது. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இளம்பெண். எங்களைப் போலவே வயல் வேலை செய்த குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர். அதற்காகவே அவரைத் தேடிப் போனோம். நம்ம பிள்ளை, நல்லா பார்க்கும் என்றாள் அம்மா.

“என்ன பண்ணுது?” என்று கேட்டார்.

“அடி தள்ளுதும்மா” என்றாள் அம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகச் சொன்னேன்: “யூரின் போகும்போது எரிச்சல் இருக்கு டாக்டர்.”

எரிச்சலும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அம்மா சொன்னது அதை இல்லை. அந்தச் சொல் எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டருக்கும் இருந்திருக்க வேண்டும். அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நீர்க்கடுப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே மாத்திரைதான்.

கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதாரச் செவிலியர். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவர், திண்ணையிலிருந்து அம்மா எழுந்த விதத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

“என்னத்த, நடையே சரியில்லையே. உக்காந்து எந்திரிக்கயில கீழ ஏதாச்சும் தட்டுப்படுதா?”

“பந்து மாரி தட்டுப்படுதும்மா. உள்ள தள்ளி விட்டுக்குவேன்.”

“எவ்வளவு நாளா?”

“தம்பி பொறந்ததுலேருந்து.”

தம்பிக்கு அப்போது முப்பத்தொரு வயது.

அந்தச் செவிலியரின் அம்மாவும் நடவாள். அவருக்கு அந்த நடை தெரியும், அந்தச் சொல்லும் தெரியும். எந்தக் கேள்வியை எந்தக் குரலில், யார் காதில் விழாமல் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். அம்மாவை உள்ளே அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் கருப்பை இறக்கம் என்று சொன்னார். ஒரு வாரத்தில் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இது அபூர்வமான நோய் இல்லை. கருப்பையைத் தாங்கிப் பிடிக்கும் தசைகளும் தசைநார்களும் தளர்ந்துபோனால் அது யோனிக்குள் இறங்கும். முற்றினால் வெளியே வரும். சிறுநீர்ப்பையையும் சேர்த்து இழுப்பதால் நீர் முழுவதும் பிரியாது, தேங்கிக் கிருமி சேரும். அம்மாவின் காய்ச்சல் அங்கிருந்துதான் வந்தது. அடுத்தடுத்த பிரசவம், நீண்ட பிரசவ வலி, சத்துக் குறைவு எல்லாம் இதற்குக் காரணமாகலாம். பிள்ளை பெற்ற உடம்பு தேறும் முன்பே பாரம் தூக்குவதும் ஒரு காரணம். தொடக்கத்திலேயே தெரிந்தால் இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி போதும். அடுத்த கட்டத்துக்கு உள்ளே பொருத்தும் வளையம் இருக்கிறது. அதையும் தாண்டினால்தான் அறுவை.

தம்பி பிறந்தது ஐப்பசியில். சம்பா நடவு முடியாத காலம். முப்பது நாள் கழிந்ததும் அம்மா நாற்றங்காலில் இறங்கிவிட்டாள். தை அறுப்பில் கதிர்க்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு களத்துக்கு நடந்தாள். கூலி கட்டுக் கணக்கில்தான். ஈரம் பட்ட கட்டு எவ்வளவு கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு நிதியுதவி தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 2006இல் 6,000 ரூபாயாகவும், பிறகு 12,000, 18,000 என்றும் உயர்ந்தது. வேலைக்குப் போகாமல் இருக்கும் நாட்களின் கூலிக்கு ஈடு அது. அம்மாவின் காலத்தில் அப்படி எதுவும் கைக்கு வரவில்லை.

நம் மருத்துவமனைகளிலும் பெண் டாக்டர்கள் இருந்தார்கள். நம் தெருவிலிருந்து போன டாக்டரே ஒருவர் இருந்தார். டாக்டர் பட்டம் வாங்கிய மகளும் பக்கத்தில் இருந்தேன். அப்படியும் அம்மாவின் சொல்லை யாரும் ஏன் கேட்கவில்லை? அறுவை முடிந்து அம்மா தேறிய நாட்களில் இதே கேள்வியோடு படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண்களைப் பற்றித் தெரியவந்தது.

1981இல் திருக்கழுக்குன்றம் சுற்றுவட்டாரத் தலித் குடியிருப்புகளைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்கள், டி.கே. சுந்தரி ரவீந்திரனோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கிராமப்புறப் பெண்களுக்கான சமூகக் கல்வி மையம், சுருக்கமாக ருவ்செக். அந்தப் பெண்கள் டாக்டர்கள் இல்லை, முதியோர் கல்வி வகுப்பு எடுத்தவர்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் பெண்கள் உடம்பைப் பற்றிப் பேசினார்கள். அவர்களே தங்கள் உடம்பைப் படித்தார்கள், ஊர் ஊராகச் சுகாதாரப் பணியாளர்களானார்கள். பெண்ணுடல் பற்றிப் பெண்களுக்குப் புரியும் தமிழில் சிறு நூல்கள் போட்டார்கள். பின்னால் கருமாரப்பாக்கத்தில் ஒரு மருத்துவமனையும் நடத்தினார்கள். கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி அவர்கள் செய்த ஆய்வு 1990களின் இறுதியில் வெளிவந்தது. சின்ன வயதிலேயே தொடங்கிய நோயை வருடக்கணக்காக மறைத்துக்கொண்டு, அதோடேயே வயலுக்கும் புருஷனுக்கும் ஈடுகொடுத்த பெண்கள் அதில் பேசுகிறார்கள். படிக்கும்போது அம்மா பேசுவது போலவே இருந்தது.

அந்தப் பன்னிரண்டு பேரும் தெருவை விட்டுப் போகவில்லை. ஒருவர் கூச்சப்பட்டால் இன்னொருவர் கேட்டார். கேட்டதை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். தனியாக மேலே வந்த நம் டாக்டருக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை, எனக்கும் இல்லை. தனியாக ஏறுகிறவர்கள் ஏற ஏறத் தன் ஊர்ச் சொற்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டுவிட்டுப் போகிறோம். எங்களை உள்ளே விடும் இடங்கள் கேட்கும் விலை அது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. எங்கள் ஊரில் ‘ஆபரேஷன்’ என்றால் ஒரே ஒரு பொருள்தான். “ஆபரேஷன் பண்ணியாச்சா?” என்று ஒரு பெண்ணைக் கேட்டால் அது குடல்வால் அறுவையைப் பற்றிய விசாரிப்பு இல்லை. தம்பி பிறந்ததும் அம்மாவுக்கும் ‘ஆபரேஷன்’ ஆனது. எத்தனை பிள்ளை என்று கேட்டார்கள். அடுத்த மாதம் எந்த வயலில் இறங்குவாள் என்று கேட்கவில்லை. ஸ்பானிய மொழி பேசும் புவெர்த்தோ ரிக்கோ தீவின் பெண்களும் கருத்தடை அறுவையை ‘லா ஒப்பெராசியோன்’ என்றே சொன்னார்கள் என்று படித்தபோது திடுக்கிட்டேன். இரண்டு ஊரிலும் ஒரே சொல், ஒரே பொருள். அமெரிக்காவின் ஆளுகைக்குட்பட்ட அந்தத் தீவில், 1960களின் நடுவில், பிள்ளை பெறும் வயதிலிருந்த மணமான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த அறுவை நடந்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலோ, பிரசவ வலியில் கிடந்த மெக்சிக வம்சாவளிப் பெண்களிடம் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்தார்கள். அவர்களில் பத்துப் பேர் வழக்குத் தொடுத்தார்கள். 1978இல் தீர்ப்பு டாக்டர்கள் பக்கம் போனது.

இதை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ஹெலன் ரோட்ரிகஸ் த்ரியாஸ், குழந்தை மருத்துவர். புவெர்த்தோ ரிக்கோ குடும்பத்தில் 1929இல் நியூயார்க்கில் பிறந்தவர். தீவில் வளர்ந்து, பத்து வயதில் நியூயார்க் திரும்பியபோது, ஆங்கிலம் தெரிந்திருந்தும் அவரைப் பள்ளியில் மந்தமான பிள்ளைகளின் வகுப்பில் போட்டார்கள். ஒரு நாள் அவர் கவிதை ஒப்புவித்ததைக் கேட்ட பிறகுதான் ஆசிரியருக்குத் தவறு புரிந்தது. அந்தப் பெண் டாக்டராகி, 1970இல் அதே நகரத்தின் ஏழைப் பகுதியில் லிங்கன் மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். அங்கு வரும் தாய்மார்களின் மொழியை அவர் கீழே போட்டுவிடவில்லை. கட்டாயக் கருத்தடைக்கு எதிராக மற்ற பெண்களோடு சேர்ந்து குழு அமைத்தார். அப்படிப் பலர் போராடியதன் விளைவாக 1979இல் மத்திய அரசின் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அரசு நிதியில் நடக்கும் கருத்தடைக்கு, அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும். கையெழுத்துக்கும் அறுவைக்கும் நடுவே 30 நாள் இடைவெளி வேண்டும். பிரசவ வலியில் கையெழுத்து வாங்கக் கூடாது. 1993இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவரானார் ஹெலன். லத்தீன் சமூகத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். மறு வருடம் ஸ்பானிய வழிவந்த மருத்துவர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். தங்கள் மக்களின் உடல்நலத்தைப் பற்றி நாட்டின் தலைநகரில் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதற்காக.

இங்கே அப்படிப் பேச, முதலில் நம் பிள்ளைகள் உள்ளே போக வேண்டும். கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், கூலித் தொழிலாளியின் மகள் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் வாங்கினாள். நீட் தேர்வு வந்ததால் அவளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டாள். அதற்கு மூன்று வருடம் கழித்து, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதன் வழியே போகும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாக வருகின்றன. உள்ளே போன பிறகு அவர்களும் ஆளுக்கொரு மூலையில் கூச்சப்பட்டு நிற்கக் கூடாது.

காது உள்ளவர்கள் இன்றும் ஏணியின் கடைசிப் படியில்தான் இருக்கிறார்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்களில் பலர் அந்தந்த ஊரின் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பெயர் தன்னார்வலர், வாங்குவது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. அம்மாவின் நடையைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்த செவிலியரோ, அன்று மாலையே பதிவேடுகளை நிரப்ப ஓட வேண்டியிருந்தது. டாக்டரும் செவிலியரும் இந்தத் தன்னார்வலப் பெண்ணும் ஒரே தெருப் பிள்ளைகளாக இருந்தும், ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்படி உட்கார்ந்தால் அடி தள்ளுது என்ற சொல் மருந்துச் சீட்டு வரை போய்ச் சேரும்.

அறுவைக்குப் பிறகு அம்மா படுத்திருந்த வார்டில் பக்கத்துக் கட்டில் பெண் கேட்டார்: “ஒனக்கும் அடி தள்ளுனுச்சாக்கா?” அம்மா ஆமாம் என்றாள். அதற்கு அடுத்த கட்டிலிலிருந்தும் ஒரு குரல் வந்தது. எந்த ஊர், எத்தனை பிள்ளை, எந்த வருஷத்து நடவு என்று பேச்சு நீண்டது. முப்பத்தொரு வருடம் யாரிடமும் சொல்லாததை அம்மா பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். நடுவே சிரித்தார்கள்கூட. நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

போன வருடம் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும்போது மறுபடியும் கேட்டேன். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில், சேற்றில் கால் எடுக்கும் சத்தத்தோடு ஒரு பெண் குரல். “செத்த இரு ஆயி, அடி தள்ளுது.” பிறகு பாட்டு தொடர்கிறது. என் ஆய்வேட்டில் அந்தப் பாட்டு இருக்கிறது, அந்த வரி இல்லை. பாட்டில் சேராது என்று விட்டுவிட்டிருக்கிறேன்.