சுண்ணாம்பு

2003-இல் எங்கள் பள்ளியில் தேசியப் பசுமைப் படையை நான்தான் பார்த்துக்கொண்டேன். பெயர்தான் படை, கையில் காசு கிடையாது. பிள்ளைகள் நட்ட வேப்பங்கன்றுகளில் பாதி கோடையிலேயே கருகிவிட்டன.

ரமலான் மாதத்தில் அரிசிக்கடை பாயிடம், "ஜகாத்தில் எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்களேன்" என்றேன். சிரித்தார்.

"சார், அது நூத்துக்கு ரெண்டரை. எட்டு வகையாருக்குன்னு குர்ஆன்லயே இருக்கு. ஏழை பங்கை எடுத்து மரத்துக்கு ஊத்தலாமா? இதுக்கு சதகா ஜாரியா, அது தனிக் கணக்கு."

நட்ட மரத்தில் பறவை தின்றாலும் நட்டவருக்குத் தர்மம் என்று நபிமொழி உண்டாம். இத்தனை வருஷம் அவரிடம் அரிசி வாங்கியும் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

மறுவாரமே அடிபம்பு போட்டுக் கொடுத்தார். நிலத்தடி நீர் பாடத்தை அந்தப் பம்படியில்தான் நடத்தினேன். எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவரும் பாய்தான்.

ஆர்வக்கோளாறில் பம்பு மேடையில் அவர் பெயரை எழுதி வைத்தேன். பார்த்தவர் பேசாமல் போய்விட்டார். மறுநாள் காலையில் பேரன் சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றான்.

பாய் இப்போது இல்லை. போன மாதம் போயிருந்தேன். வேம்பு மூன்று நிற்கிறது. சுண்ணாம்பு உதிர்ந்து, எழுத்து லேசாகத் தெரிகிறது.