அழைப்பு வந்தால்தான் கதவு திறக்கும்

எனக்கும் கோல்ஃபுக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு பந்தைக் குழிக்குள் தள்ள எதற்கு இத்தனை ஏக்கர் நிலம் என்று கேட்கிற கட்சி நான். அப்படிப்பட்ட என்னையும் ஒரு சின்ன வீடியோ உட்கார வைத்துவிட்டது.

2021 ஏப்ரலில் ஜப்பானின் ஹிடெகி மட்சுயாமா, அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். அவருடைய கேடி கடைசிக் குழியில் கொடிக்கம்பை நட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி, மைதானத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். (கேடி என்றதும் நம்ம ஊர் ரவுடியை நினைக்க வேண்டாம். ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு, காற்று எந்தப் பக்கம், எந்த மட்டையால் அடிக்கலாம் என்று யோசனையும் சொல்பவர்தான் கோல்ஃபில் கேடி.)

அப்படி என்ன இடம் அது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

இடம், ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப். கோல்ஃப் மேதை பாபி ஜோன்ஸும் முதலீட்டுத் தொழிலில் இருந்த கிளிஃபோர்ட் ராபர்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 1931-ல் வாங்கிய நிலம் முன்பு ஒரு செடி நாற்றுப் பண்ணை. அதனால் 18 குழிகளுக்கும் செடி, மரங்களின் பெயர்கள். 13-ஆவது குழி அசேலியா. முதல் போட்டி நடந்தது 1934-ல். இங்கே உறுப்பினராக விண்ணப்பம் போட முடியாது. அவர்களே அழைக்க வேண்டும். எத்தனை கோடி வைத்திருந்தாலும் அதுதான் விதி.

இந்த 'அழைப்பு' என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. சார்லி சிஃபோர்ட் என்ற கறுப்பின வீரர் 1967-லும் 1969-லும் பிஜிஏ டூர் போட்டிகளை வென்றார். மாஸ்டர்ஸில் ஆட அவருக்குக் கடைசி வரை அழைப்பு வரவில்லை. டூர் போட்டி ஒன்றை வென்றால் அழைப்பு உறுதி என்ற விதி 1972-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 1975-ல் லீ எல்டர் அங்கே ஆடிய முதல் கறுப்பின வீரரானார். கொலை மிரட்டல்கள் வந்ததால் அந்த வாரம் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கியிருக்கிறார்.

ஆனால் அதற்கு முன்பு அந்தப் புல்வெளியில் கறுப்பர்களே இல்லையா? இருந்தார்கள், தோளில் பையோடு! மாஸ்டர்ஸில் ஆடுபவர்கள் கிளப்பின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேடிகளோ கறுப்பர்கள். கார்ல் ஜாக்சன் 14 வயதில், 1961-ல், முதன்முதலாக அங்கே பை சுமந்தார். புல்லின் ஒவ்வொரு சாய்வும் அவர்களுக்கு மனப்பாடம்.

1983 முதல் வீரர்கள் தங்கள் சொந்தக் கேடியைக் கொண்டுவரலாம் என்றார்கள். கேட்க நல்ல விதி மாதிரி இருக்கிறதா? உள்ளூர் கேடிகளில் பெரும்பாலோருக்கு மாஸ்டர்ஸ் வேலை போயிற்று. விதிவிலக்காக, பென் கிரென்ஷா ஜாக்சனை விடவில்லை. 1984, 1995 என இரண்டு முறை அவரோடுதான் வென்றார்.

கிளப்புக்கு முதல் கறுப்பின உறுப்பினர் வந்தது 1990-ல். அதே ஆண்டு அலபாமாவில் ஷோல் க்ரீக் என்ற இன்னொரு கிளப்பின் நிறுவனர், கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று வெளிப்படையாகப் பேசப்போய், விளம்பரதாரர்கள் கழன்றுகொண்ட பிறகு!

அடுத்தது பெண்கள். 2002-ல் மார்த்தா பர்க் பெண்களையும் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அன்றைய தலைவர் ஹூட்டி ஜான்சன் மறுத்துவிட்டார். விளம்பர நிறுவனங்களுக்கு நெருக்கடி வரக்கூடாதென்று 2003, 2004 போட்டிகள் விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பாயின. கடைசியில் 2012-ல்தான் கோண்டலீசா ரைஸும் டார்லா மூரும் உள்ளே போனார்கள்.

இதையெல்லாம் என் அறை நண்பனிடம் சொன்னேன். "அவங்க இடம், அவங்க இஷ்டம். உன் வீட்டுக்கு யாரைக் கூப்பிடணும்னு நான் சொல்ல முடியுமாடா?" என்றான். அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். வீட்டு விருந்தை யாரும் உலகம் முழுக்க ஒளிபரப்புவதில்லை. பெரிய நிறுவனங்களின் தலைவர்கள் பழகி, நெருங்கி, ஒருவரை ஒருவர் கைதூக்கிவிடுகிற இடம் வெறும் வீடும் இல்லை. அங்கே 'அழைக்கவில்லை' என்பது 'வராதே' என்று பலகை மாட்டாமலே விரட்டுவதுதான். பலகை இருந்தால் எதிர்த்து வழக்காவது போடலாம். வராத அழைப்பை எதிர்த்து என்ன செய்வது?

மட்சுயாமா வென்ற அதே வாரம், வியாழக்கிழமை காலை, போட்டியைத் தொடங்கிவைக்க லீ எல்டரை அழைத்திருந்தார்கள். அவருக்கு வயது 86. உடல்நிலை இடம் கொடுக்காததால் பந்தை அடிக்கவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த நவம்பரிலேயே காலமாகிவிட்டார். நல்ல மரியாதைதான், மறுக்கவில்லை. அவர் முதலில் ஆடி 46 வருடம் கழித்து வந்த மரியாதை.

அந்த ஜப்பானியக் கேடியின் வணக்கத்தை இப்போது பார்த்தால் எனக்குப் புல்வெளி தெரிவதில்லை. அதில் பை சுமந்து நடந்தவர்கள்தான் தெரிகிறார்கள்.