பிடிவாதக்கார பென் டிரைவ்

போன வாரம் எனக்கும் ஒரு பென் டிரைவுக்கும் பெரிய சண்டை.

அறிவியல் கண்காட்சிக்குப் படங்கள் ஏத்தணும்னு அண்ணனோட பழைய 4 ஜிபி பென் டிரைவை எடுத்தேன். மொத்தமா அழிச்சிடலாம்னு ஃபார்மட் கொடுத்தா 'ரைட் புரொடெக்டட்'னு வந்தது. சிலதுல பக்கவாட்டில் சின்னப் பூட்டு ஸ்விட்ச் இருக்குமாம். இதில் இல்லை. அண்ணன் டிஸ்க்பார்ட் திறந்து 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' என்று அடிச்சான். சரின்னு சொல்லிட்டு, மறுபடியும் அதே பிடிவாதம்! வேற கம்ப்யூட்டரிலும் அப்படித்தான்.

கணினி டீச்சரிடம் கேட்டேன். "உள்ளே இருக்கிற சிப்பில் இத்தனை தடவைதான் எழுத முடியும்னு ஓர் அளவு இருக்கு. தேய்ஞ்சு போனா சில பென் டிரைவ் தானே பூட்டிக்கும். படிக்கலாம், எழுத முடியாது. சரி, உள்ளே என்ன இருக்குன்னு பாத்தியா?" என்றார்.

நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து திறந்தேன். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் பேரில்லாத ஓர் ஆடியோ. 2019-ல் இறந்துபோன எங்க அப்பாயி குரல்! நடவு நட்டுக்கிட்டே பாடினதை அண்ணன் போனில் பிடிச்சிருக்கான். நடுவுல பாட்டை நிறுத்திட்டு, "ஏ புள்ள, தண்ணி கொண்டாந்தியா?"ன்னு கேக்குது. என்னைத்தான்.

அப்பா மூணு தடவை போடச் சொன்னார். அப்புறம் ஒண்ணும் பேசாம மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

அண்ணன் மடிக்கணினியிலும் அம்மா போனிலும் காப்பி எடுத்து வச்சாச்சு. கண்காட்சிக்கு டீச்சரே வேற பென் டிரைவ் கொடுத்தாங்க. அதை ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை திறந்து பாத்தேன்.