பொங்கிய மாவும் ஒரு மாணவன் கேட்ட கேள்வியும்



நேற்று ராத்திரி பேத்தி அடுப்படியிலிருந்து கத்தினாள். "தாத்தா, மாவு பொங்கி வழியுது! உள்ளே யாரு இருக்கா?" சிரித்துவிட்டேன். கூடவே ஒரு பழைய வகுப்பும் ஞாபகம் வந்தது.

இருபத்தைந்து வருடம் இருக்கும். கம்பம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு. "கிருமி நம் எதிரி" என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டேன். நாலே நாளில் ஒரு அம்மா வந்து நின்றார். "சார், தயிர்ல கிருமி இருக்குன்னு எம் பொண்ணு தொடவே மாட்டேங்குறா. நீங்கதான் சொன்னீங்களாம்."

தப்பு என்னுடையதுதான். மறுநாள் பிள்ளைகளைப் புஞ்சைக்குக் கூட்டிப் போனேன். தட்டைப்பயறுச் செடி ஒன்றைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளச் சொன்னேன். உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் இருக்கும் ரைசோபியம், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுக்கிறது. தயிரை உறைய வைப்பதும் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இப்படிப்பட்ட நல்ல பாக்டீரியாக்கள்தான் என்றேன்.

அடுத்து திராட்சைத் தோட்டம். இலையின் அடியில் வெள்ளை பூத்திருந்தது. அடிச்சாம்பல் நோய். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அடித்துக்கொண்டிருந்தார்கள். 1880களில் பிரான்ஸில் இதே நோய்க்காகக் கண்டுபிடித்த மருந்து அது.

திரும்பும் வழியில் ஒரு பையன் கேட்டான். "சார், எந்தம்பி வயித்தால போயி செத்துப்போனான். அது எந்தக் கிருமி?"

எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. "தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு குடுக்கல சார்" என்றான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் வகுப்புக்குச் சர்க்கரை, உப்பு, கரண்டியோடு போனேன். காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கிருமி குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடம்பின் தண்ணீரை வடித்துத்தான். சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனோபிஸ் இதுபோன்ற குளுக்கோஸ், உப்புக் கரைசலைக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்.

அந்தப் பையன் அளவை நோட்டில் எழுதி, அவன் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். நான் சொல்லிக் கொடுத்து அவன் செய்ததல்ல அது.

இன்று ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறான். இரண்டு பிள்ளைகள். இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, அன்று உனக்கு நான் பதில் சொல்லவில்லை. எந்தக் கிருமி என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குப் பாடம் நடத்தியது நீதான்.

கைக்குழந்தை வைத்திருக்கும் என் மாணவிகளே, இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கிறது. வீட்டில் இரண்டு வாங்கி வையுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பேத்தி இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். முதலில் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.