வெட் ப்ளூவின் நிறம்

ஞாயிறு, வேலூர்

நிக்கான் டி3500-ஐக் கொடுத்துவிட்டு டி7500 வாங்கியாயிற்று. பழையதில் குவியப் புள்ளிகள் 11, இதில் 51. பின்பக்கச் சக்கரம் ஷட்டர் வேகத்துக்கு, முன்பக்கச் சக்கரம் அப்பெர்ச்சருக்கு. காலையில் கோட்டை அகழி ஓரம் நின்று, மெனு பக்கமே போகாமல் இந்த இரண்டை மட்டும் விரல்களுக்குப் பழக்கினேன்.

செவ்வாய், ஆம்பூர்

நண்பரின் ஷூ கம்பெனி. மேசை நிறையக் கறுப்புத் தோல், படத்தில் சாம்பல். எதிரே இருப்பது கறுப்பா வெள்ளையா என்று ஒளிமானிக்குத் தெரியாது, எதையும் நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். கறுப்புக்கு ஒரு ஸ்டாப் குறைத்தேன். வெள்ளை லைனிங்குக்கு ஒரு ஸ்டாப் கூட்டினேன். எல்.இ.டி. விளக்கின் கீழ் 1/500 நொடியில் குறுக்கே பட்டைகள் விழுந்தன. நம் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/100-க்கு இறக்கியதும் பட்டைகள் போயின.

வெள்ளி, ராணிப்பேட்டை

இன்றுதான் உண்மையான பாடம். குரோம் உப்பில் பதனிட்டு, டிரம்மிலிருந்து ஈரத்தோடு இறக்கிய தோல் வெளிர்நீலமாக இருக்கும். அதுதான் வெட் ப்ளூ. சட்டகம் முழுக்க நீலம் வந்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதை விளக்கின் குறை என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கழித்துவிடுகிறது. தரம் பிரிக்கும் பாயிடம் திரையைக் காட்டினேன்.

“இது நம்ம சரக்கே இல்ல தம்பி. பழுப்படிச்சிருக்கு.”

தோலைத் தூக்கிக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போனார். ட்யூப் லைட்டில் அவர் நிறம் பார்ப்பதில்லையாம். அங்கேயே சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை அளந்து, மறுபடி எடுத்தேன்.

“ஆங், இப்ப சரி.”

இந்தக் கேமராவில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. பிறகு முக்காலியில் வைத்து 1/15 நொடி: டிரம் சுழல்வது தெரிகிறது, பக்கத்தில் நிற்பவர் அசையாமல் இருக்கிறார்.

ஞாயிறு, பாலாற்றங்கரை

ரா (RAW) கோப்பாக மட்டும் எடுத்தேன். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. அவ்வளவு இடம் இருப்பதால் நிறத்தை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியும். ஏற்றக் கூடாது. தோல் கழிவுநீரால் கெட்டதென்று 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதிய ஆறு இது. இங்கே எடுக்கும் படம் சாட்சி.

எங்கள் ஊருக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பையில் சாம்பல் அட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் தோல் தெரிந்த ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.