காற்று வாங்கும் இடம்

கப்பலில் உல்லாசப் பிரயாணம் போவது நம் பட்டணத்துக் குடும்பங்களுக்கும் எட்டுகிற காரியமாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு சொகுசுக் கப்பல் புறப்பட்டது முதல், "போனால் பால்கனி வைத்த அறையில்தான் போகவேண்டும்" என்று இல்லத்தரசிகள் நிபந்தனை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆசை நியாயமானதுதான். கதவைத் திறந்தால் கடல். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காப்பியைக் குடித்தபடியே அலைகளைப் பார்க்கலாம். வேறு என்ன வேண்டும்?

ஆனால் புயல் அடித்தால் அந்தப் பால்கனி என்ன ஆகும்? இந்தக் கேள்வி எழுந்ததும் நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு போன இடம் எந்தத் துறைமுகமும் அல்ல. சொகுசுக் கப்பல் எட்டிக்கூடப் பார்க்காத புதுக்கோட்டை ஜில்லா!

'புதுக்கோட்டைக்கும் கடலுக்கும் என்ன ஐயா சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14-ஆம் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அப்போது தஞ்சை ஜில்லாவிலிருந்து அறந்தாங்கிச் சீமை வந்து சேர்ந்தது. கல்யாணமாகி வரும் பெண் சீதனம் கொண்டுவருவதுபோல, அது ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் கடற்கரையைக் கொண்டுவந்தது. சீதனத்தோடு புயலும் கூடவே வந்தது என்பதுதான் விஷயம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய 'கஜா' புயலை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயர் சூட்டியது இலங்கை, பொருள் யானை. கரையேறிய வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். பொதுவாகப் புயல் என்றால் கடலோரத்துக்காரர்கள் கவலை என்று உள்நாட்டுக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். இந்த யானையோ கரையோடு நிற்காமல் தஞ்சை, புதுக்கோட்டை வழியாக மேற்கே நடந்து, மலையைத் தாண்டி அரபிக்கடல் வரை போயிற்று. போகிற வழியில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. மாநிலத்தில் விழுந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். புதுக்கோட்டை ஜில்லாவின் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் போகும் சாலையில் பஸ் ஏறினேன். பூவுக்குப் பேர்போன ஊர் அது. பக்கத்தில் வடகாடு, பலாப்பழத்தின் பெயரைச் சொன்னாலே நாக்கில் ஊறும். சிவந்த மண், கண்ணுக்குக் குளிர்ச்சியான தோப்புகள். நடுநடுவே வயதில் இளைய தென்னங்கன்றுகள் வரிசையாக நிற்பதைக் கண்டால், அந்த இடத்தில் முன்பு நின்ற மரங்கள் எங்கே போயின என்று கேட்கவே வேண்டியதில்லை.

அங்கே ஒரு கிராமத்தில் புது மோஸ்தரில் கட்டிய மாடி வீடு ஒன்று. மகன் சிங்கப்பூரில் சம்பாதித்து அனுப்பிய பணம். தெருப்பக்கம் அழகான பால்கனி. வீட்டுக்கார அம்மாள் மோர் கொடுத்து உபசரித்தார்.

"பால்கனி மேலே கூரை ஒன்றும் காணோமே, அம்மா? வெயில் அடிக்காதா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு தம்பி, தகரம் போட்டிருந்தோம். காத்து வாங்கத்தானே பால்கனி வைக்கிறது? அன்னிக்கு ராத்திரி காத்து எங்களை வாங்கிடுச்சு" என்றார்.

சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்க தகரம் போனதுக்கு நான் வருத்தப்படலே தம்பி. அது பறந்துபோய் எதிர்த்த ஓட்டு வீட்டு மேலே விழுந்துச்சு பாருங்க, அதைத்தான் நெனச்சா இன்னைக்கும் நெஞ்சு பதறுது. கைப்பிள்ளைக்காரி இருந்த வீடு அது. ஓடு நொறுங்கி உள்ளே கொட்டியிருக்கு. நல்லவேளை, அவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அடுப்படி மூலையிலே ஒண்டியிருந்தா. தொட்டில்லே போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? விடிஞ்சதும் ஓடிப்போயி அவ காலைப் பிடிக்காத குறைதான்."

தகரம் ஏன் பறக்கிறது தெரியுமா? சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் எதையும் காற்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. சுவரில் மோதி எழும்பும் காற்று கீழிருந்து தூக்குகிறது. மேலே வேகமாக ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கிறது. ஆகவே ஒரு வீட்டில் புயல் முதலில் கைவைப்பது பால்கனிக் கூரை, இறவாணம், வெயில் தட்டி இவற்றில்தான். வீட்டின் கதவு ஒன்று திறந்துவிட்டாலோ, உள்ளே புகுந்த காற்று பலூனை ஊதுவதுபோல் கூரையை அடியிலிருந்தும் தள்ளும்.

அந்த அம்மாளிடம் விடைபெற்று, அறந்தாங்கி வழியாகக் கடற்கரைக்குப் போனேன். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். கடலோ குளம்போல் கிடக்கிறது. பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல்; இதுவா சீறியது என்று நம்புவதற்கே கஷ்டமாக இருக்கும். விசைப்படகுகள் ஒன்றை ஒன்று உரசியபடி ஆடிக்கொண்டிருந்தன. வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பெரியவரே, புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலை என்ன செய்வீர்கள்?"

"கட்டுறதுதான் தம்பி. படகைக் கட்டுவோம், படகிலே இருக்கிற சாமானைக் கட்டுவோம். கட்ட முடியாததைக் கரையேத்திடுவோம்."

"உங்கள் படகு பலமானதாயிற்றே?"

"என் படகு பலமா இருந்து என்ன செய்ய? பக்கத்துப் படகுக்காரன் கயித்தைச் சரியாக் கட்டலேன்னா, அது அறுத்துக்கிட்டு வந்து பத்துப் படகை இடிச்சு உடைச்சிடும். புயலைவிட, அவுந்துபோன படகுக்குத்தான் நாங்க ரொம்பப் பயப்படுவோம்."

கீரமங்கலத்துப் பக்கத்து அம்மாளும் இந்தப் பெரியவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இருவரும் சொன்னது ஒரே வார்த்தை! நான் தேடிவந்த கப்பல் பால்கனியின் கதையும் அதுவேதான் என்பது அந்தக் கரையில் நின்றபோது எனக்கு விளங்கியது.

2005 ஏப்ரலில், பஹாமாஸ் தீவுகளிலிருந்து நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்த 'நார்வீஜியன் டான்' என்ற பெரிய உல்லாசக் கப்பல் புயலில் சிக்கியது. மாடி மாடியாக எழுந்த அலை முன்புறத்தில் மோதியது. பத்தாவது தளத்துப் பால்கனிகளின் கைப்பிடித் தடுப்புகள் பெயர்ந்தன. பெயர்ந்தவை எங்கே போயின? கீழ்த்தளத்து அறைகளின் கண்ணாடி ஜன்னல்களைப் பிளந்துகொண்டு உள்ளே போயின! அறுபதுக்கும் மேற்பட்ட அறைகளில் தண்ணீர் புகுந்தது. நாலு பேருக்குச் சிறு காயம். கப்பல் வழியிலிருந்த சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஒதுங்கியது. மேல்வீட்டுத் தகரம் எதிர்வீட்டு ஓட்டில் விழுந்த கதை நடுக்கடலில் நடந்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே வேறொரு விபத்து. 2006 மார்ச் 23 அன்று, ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனி ஒன்றில் தீப் பிடித்தது. அணையாத சிகரெட் துண்டாக இருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. பால்கனிகளுக்கு நடுவே இருந்த தடுப்புகளும், நாற்காலி மேஜைகளும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தவை. கடற்காற்று வேறு வீசியது. தீ ஒரு பால்கனியிலிருந்து மறு பால்கனிக்கும், ஒரு தளத்திலிருந்து மேல் தளத்துக்கும் தாவியது. பிரயாணி ஒருவர் உயிரிழந்தார். கப்பலுக்குள்ளே இருப்பவற்றுக்கெல்லாம் தீத்தடுப்பு விதிகள் இருந்தன. பால்கனி 'வெளியே' இருப்பதால் அதை யாரும் நினைக்கவில்லை! அதன் பிறகுதான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதியைத் திருத்தியது. 2008 ஜூலை முதல் பால்கனிச் சாமான்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவோ 2010-இல் சட்டமியற்றி, தன் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் கைப்பிடிக் கம்பியின் உயரம் 42 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்றது.

இப்போது கடல் கொந்தளித்தால், மேல்தளங்களை மூடிவிட்டு, "பால்கனிக் கதவைத் தாழிடுங்கள், நாற்காலிகளை உள்ளே எடுத்துவிடுங்கள், வெளியே வராதீர்கள்" என்று கப்பலில் அறிவிப்பார்கள். உல்லாசத்துக்கு வந்த இடத்தில் உத்தரவு போடுகிறார்களே என்று முகம் சுளிக்கவேண்டாம். பால்கனிக் கதவையும் வாசற்கதவையும் ஒரே சமயம் திறந்தால் காற்று குழாய்க்குள் பாய்வதுபோல் பாயும். படாரென்று அறையும் கதவில் குழந்தையின் விரல் சிக்கினால் என்ன ஆகும் என்று தாய்மார்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

திரும்பும் வழியில் ஆவுடையார்கோயிலில் இறங்கினேன். மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பணத்தைக் கொண்டு எழுப்பியதாகச் சொல்லப்படும் திருப்பெருந்துறைக் கோயில் இதுதான். மூலஸ்தானத்தில் லிங்கம் இல்லை, ஆவுடை மாத்திரமே. இங்குள்ள கொடுங்கையை, அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீண்டு வளையும் கல் இறவாணத்தை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பதுகூடத் தெரியாது. மரச் சட்டம், குறுக்குக் கம்பி, ஆணி எல்லாம் கல்லிலேயே! அந்தக் காலத்தில் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' வேறு எது வேண்டுமானாலும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம்.

இவ்வளவு பாரமான கல் வெளியே நீட்டிக்கொண்டு எப்படி நிற்கிறது? இரகசியம் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. நீண்டிருக்கும் கல்லின் உட்புற முனைமேல் கட்டடத்தின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கிறது. வெளியே எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு உள்ளே பிடிப்பு வேண்டும். தகரக் கூரைக்கு நாலு ஆணி அடித்துத் திருப்திப்படுகிற நாம் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் இது.

கப்பலில் போகிறவர்கள் சிலர். பால்கனியும் மொட்டைமாடியும் இருக்கிறவர்கள் பலர். நம் வீட்டுப் பால்கனியில் என்னென்ன இருக்கின்றன? பூந்தொட்டி, கொடிக்கயிறு, உடைந்த நாற்காலி, தாத்தா காலத்துப் பரண் சாமான். மொட்டைமாடியில் தண்ணீர் நிரம்பாத பிளாஸ்டிக் தொட்டி, செங்கல்லை வைத்து அழுத்திய தகரத் துண்டு. அமைதியான நாளில் அவை சாமான்கள். புயல் நாளில் ஏவுகணைகள். அவை விழப்போவது பெரும்பாலும் நம் தலையில் அல்ல. நம்மைவிடத் தாழ்ந்த கூரையின்கீழ் தூங்குகிறவர்கள் தலையில்!

ஆகையால் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே தகரத்தின் கொக்கிகளையும் கைப்பிடிக் கம்பியின் துருவையும் பார்த்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் சுமார் ஒரு மீட்டருக்குக் குறைந்திருந்தால் உயர்த்துங்கள். அதன் அருகே குழந்தை ஏறுகிற மாதிரி முக்காலி எதையும் வைக்காதீர்கள். எச்சரிக்கை வந்த அன்று பால்கனியைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள். காற்றுத் திடீரென்று நின்றால், புயல் போய்விட்டது என்று வெளியே ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வரும்.

எல்லாவற்றையும் கட்டி, பூட்டி முடித்த பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. பக்கத்தில் ஓட்டு வீட்டிலோ குடிசையிலோ கைக்குழந்தையோடு யாராவது இருந்தால், அவர்களையும் உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். காப்பிக்கு இரண்டு டம்ளர் கூடுதலாகத் தண்ணீர் வைத்தால் தீர்ந்தது!